கினிப்பன்றிக்கு மூச்சு வாங்கினால்

கினிப்பன்றி மூக்கால் மட்டுமே மூச்சு விடும். சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் நாம் வாயைத் திறந்து சமாளித்துவிடுவோம். அதற்கு அந்த வழி இல்லை. தொண்டையின் அமைப்பே அப்படி: குரல்வளையின் மூடி பின் அண்ணத்துக்கு மேலே ஏறி மூக்குப் பாதையோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அதனால் மூக்கடைப்பு என்பது அதற்குச் சில்லறைத் தொந்தரவு கிடையாது. வாயைத் திறந்து காற்றுக்குத் தவிக்கிற கினிப்பன்றியைப் பார்த்தால், அது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே டாக்டரிடம் கிளம்ப வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அந்தக் கட்டத்துக்கு முன்னால் அது பெரும்பாலும் எதையும் காட்டிக்கொள்ளாது. பெரிய மிருகங்களுக்கு இரையாகி வாழ்ந்த இனம். கூட்டத்தில் நோஞ்சானாகத் தெரிந்தால் அடுத்த இரை தான்தான் என்பது அதன் உடம்பில் ஊறிய பயம். காலையில் புல்லை மென்றுகொண்டிருந்தது, மாலையில் போய்விட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். உண்மையில் மூன்று நான்கு நாளாகவே நுரையீரலில் சளி கட்டியிருக்கும். நாம் கவனித்திருக்க மாட்டோம்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் வண்ணமீனும் லவ் பேர்ட்ஸும் விற்கிற கடைகளில் 'கினி பிக்' ஜோடியாகக் கிடைக்கிறது. பழைய அகராதிகளில் சீமைப்பெருச்சாளி. பெரும்பாலும் கோடை விடுமுறையில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குவதுதான். இந்த மாவட்டத்தில் அதைவிட மோசமான பருவம் இல்லை என்பது என் கருத்து. ஆண்டிஸ் மலையின் குளிரில் தோன்றிய பிராணி இது. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், 28ஐத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசியில் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகிறது. அதற்கு வியர்க்காது. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டுச் சூட்டைத் தணிக்கவும் தெரியாது. வாங்குவது என்று முடிவாகிவிட்டால் ஆடி கழிந்து வாங்குங்கள்.

முதலில் நல்ல மூச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கினிப்பன்றி அமைதியாகப் படுத்திருக்கும்போது, கையில் தூக்காமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்து விலாவைப் பாருங்கள். 15 விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். 40க்கும் 100க்கும் நடுவில் இருந்தால் சரி. பயந்திருந்தால், இப்போதுதான் ஓடியிருந்தால் கூடும். உங்கள் வீட்டுப் பிராணிக்கு வழக்கமாக எவ்வளவு என்பதை நல்ல நாளிலேயே எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைப்பது முக்கியம். நோய் வந்த பிறகு எண்ணினால் எதோடு ஒப்பிடுவது?

எண்ணிக்கையைவிட மூச்சு விடும் தோரணை அதிகம் சொல்லும். நோயில்லாத கினிப்பன்றி மூச்சு விடுவது வெளியே அவ்வளவாகத் தெரியாது. விலாவும் வயிறும் சேர்ந்து உள்ளே இழுத்துக் குழிந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பே முன்னும் பின்னும் அசைந்தால், கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டால், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கினால் அது காற்றுக்குக் கஷ்டப்படுகிறது. முடி சிலிர்த்து, ஒரு மூலையில் குன்றி உட்கார்ந்து, கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தத்துக்குக்கூட ஓடி வராமல் இருப்பதும் அதே கணக்குதான்.

முன்னங்கால்களின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூக்கு ஒழுகினால் அது காலால்தான் துடைத்துக்கொள்ளும். மூக்கு சுத்தமாகத் தெரியும், ஆனால் காலின் உட்பக்க முடி ஒட்டிப் பிசுபிசுத்துக் காய்ந்திருக்கும். பலர் கோட்டைவிடும் தடயம் இது. பிறகு மெதுவாகத் தூக்கி முதுகுப் பக்கத்தைக் காதோடு வைத்துக் கேட்கலாம். தலைமுடியைக் காதருகே விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் ஒரு நொறுநொறு ஒலி வருமே, அந்த மாதிரிக் கேட்டால் நுரையீரலில் நீரோ சளியோ இருக்கிறது என்று அர்த்தம். சத்தமே கேட்காதது நல்லது.

எல்லாவற்றுக்கும் பதற வேண்டியதும் இல்லை. புல்லின் தூசி ஏறி ஒன்றிரண்டு தும்மல் போடுவது சகஜம். கண்ணிலிருந்து பால்போல் வெள்ளைத் திரவம் சுரந்து, அதை எடுத்து முகம் கழுவிக்கொள்ளும். சீழ் என்று பயந்து துடைக்கப் போகிறவர்கள் உண்டு. கண் தெளிவாக இருந்து, அந்தத் திரவம் சிறிது நேரத்தில் மறைந்துவிட்டால் அது இயல்பு. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக வந்து இமையை ஒட்டிக்கொண்டால்தான் நோய். தீனி கேட்டு 'வீக் வீக்' என்று கத்துவதும், ஆண் பெட்டையைச் சுற்றிக்கொண்டு கடகடவென்று உறுமுவதும் அதன் பேச்சு. மூச்சோடு சேர்ந்து தாளம் தப்பாமல் வருகிற சத்தம் மட்டுமே நமக்குக் கவலை.

எடை பார்ப்பதை நான் மூச்சு எண்ணுவதற்கும் மேலே வைப்பேன். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து அதற்குள் விட்டால் வேலை முடிந்தது. வளர்ந்த ஆண் 900 முதல் 1200 கிராம் வரை இருக்கும், பெண் கொஞ்சம் குறைவு. வாரம் ஒருமுறை எழுதி வந்தால், 50 கிராம் குறைந்தவுடன் உற்றுப் பார்க்கத் தோன்றும். 100 கிராம் போய்விட்டால் வேறு அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. மூச்சுக்குச் சிரமப்படுகிற பிராணி முதலில் சாப்பாட்டைத்தான் குறைக்கும். எதை மறைத்தாலும் எடையை அதனால் மறைக்க முடியாது.

சரி, ஏன் வருகிறது? நிமோனியாதான் பிரதான காரணம். அதற்குள்ளும் முதலிடம் பார்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியாவுக்கு. இது முயலின் மூக்கில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். நாய், பூனையிடமும் இருக்கும். கினிப்பன்றிக்குப் போனால் நுரையீரலைத் தாக்கிக் கொன்றுவிடும். நம் ஊர்க் கடைகளில் முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் விட்டு வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று வீட்டிலும் அதையே செய்கிறோம். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பாதி நோய் குறையும். புதிதாக வாங்கி வந்ததை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்து, பழையதைக் கவனித்துக் கையைக் கழுவிய பிறகு புதியதிடம் போவது அடுத்த நல்ல பழக்கம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகளும் நிமோனியா கொண்டுவரும். கூட்டமாக அடைத்து வைத்த இடத்தில் அது வேகமாகப் பரவும்.

கிருமி உள்ளே புக வழி செய்து கொடுப்பது காற்று. கினிப்பன்றியின் மூச்சுக்குழல் தசை அதன் உடம்பளவுக்குத் தடிப்பானது, உறுத்தல் வந்தால் சட்டென்று இறுகிவிடும். ஆஸ்துமா ஆராய்ச்சிக்கு அதைக் காலங்காலமாகப் பயன்படுத்தியதற்கு அதுவே காரணம். காசநோய்க்கும் அதன் நுரையீரல் மிக எளிதில் ஆட்படும். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிக் கூண்டுகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றுக்கு நோய் தொற்றியதை வைத்து இந்நோய் காற்றில் பரவுவதை உறுதி செய்தார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தின் பணியிலும் கினிப்பன்றிக்குப் பங்கு உண்டு. தென்னிந்திய நோயாளிகளிடம் எடுத்த கிருமிகள் பிரிட்டிஷ் கிருமிகளைவிடக் கினிப்பன்றியிடம் வீரியம் குறைந்து நடந்துகொள்கின்றன என்று 1960இல் வெளியிட்டார்கள். நோயை அளக்கும் கருவியாக வைக்கும் அளவுக்கு நுட்பமான நுரையீரல் அது. அதை ஊதுபத்திப் புகைக்கும் கொசுவர்த்திச் சுருளுக்கும் பக்கத்தில் வைக்கிறோம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி போடும்போதாவது கூண்டை வேறு அறைக்கு நகர்த்தலாம். போகியன்று கதவு ஜன்னலைச் சாத்திவிடுவது நல்லது.

கூண்டில் விரிப்பது என்ன என்பதில் கள்ளக்குறிச்சிக்கு ஒரு தனிச் சோதனை இருக்கிறது. இங்கே மரச்சிற்பத் தொழில் பேர்போனது, 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனால் மரத்தூள் சும்மாவே கிடைக்கும். ஆனால் உளி இழுத்து விழும் பெரிய சீவலும், மெருகேற்றும்போது பறக்கும் மாவுத்தூளும் ஒன்றல்ல. மாவுத்தூள் மூக்கில் போய் அடைக்கும், கூடவே வார்னிஷ் நெடியும் இருக்கும். பேக்கிங் பெட்டி உடைத்த பைன் மரத்தூளின் பிசின் நெடியும் ஆகாது, தேவதாரு அறவே கூடாது. ரைஸ் மில் உமியும் தவிடும் தூசிமயம். பழைய பருத்தி வேட்டியையோ துண்டையோ நாளிதழ் மேல் விரித்து, நனைந்த பகுதியைத் தினமும் மாற்றுவதுதான் செலவில்லாத வழி. சிறுநீர் தேங்கினால் அமோனியா கிளம்பும். நம் மூக்குக்கு நெடி எட்டுவதற்குள், தரையோடு தரையாகப் படுத்திருக்கிற அதன் மூச்சுக்குழல் எரிந்திருக்கும். மீன் தொட்டியில் வளர்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: நான்கு பக்கமும் கண்ணாடி அடைத்த தொட்டியில் அந்த நெடி வெளியே போக வழியே இல்லை. கம்பிக் கூண்டுக்கு மாற்றுங்கள்.

வைக்கோலோ காய்ந்த புல்லோ போடும் முன் வெளியே உதறிப் போடுங்கள். மழையில் நனைந்து புழுங்கி, பூஞ்சை வாசம் அடிக்கிற கட்டை மாட்டுக்கும் போடக் கூடாது, இதற்கு நிச்சயம் கூடாது.

கல்வராயன் மலையில் கதை வேறு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைவுகள் ஏறி வெள்ளிமலைப் பக்கம் போனால் 2000 அடிக்கு மேல். கோடைக்கு அந்த மலை கினிப்பன்றியின் உடம்புக்கு ஒத்துப்போகும். அங்கே தொந்தரவு தருவது ஐப்பசி முதல் தை வரையிலான ஈரமும் பனியும்தான். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கூண்டை விறகடுப்புப் பக்கம் வைப்பார்கள். குளிரைவிடப் புகை மோசம். தரையிலிருந்து அரை அடி உயர்த்திய மரப்பெட்டி, அதற்குள் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, நிறையக் காய்ந்த புல், கதவிடுக்குக் காற்று நேரே அடிக்காத மூலை. இவ்வளவு போதும், குளிரைத் தாங்கிவிடும். சமவெளியில் வாங்கி ஒரே நாளில் மலையேற்றுவதாக இருந்தால், பஸ்ஸில் என்ஜின் சூட்டுப் பக்கமும் ஜன்னல் காற்று முகத்தில் அடிக்கிற இடமும் வேண்டாம்.

வெயில் தாக்கினால் அடையாளம் தெளிவாக இருக்கும். காலை நீட்டித் தரையில் சரிந்து படுக்கும், எச்சில் ஒழுகும், காது சிவந்து சுடும், மூச்சு படபடவென்று அடிக்கும். நிழலான இடத்துக்குத் தூக்கிப் போய், சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதையும் பாதங்களையும் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்குவது அதிர்ச்சியில் கொன்றுவிடும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் தண்ணீர் காட்டலாம். கொஞ்சம் தேறியது போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும். வரும்முன் காக்க, ஜன்னலில் நனைத்த கோணிச்சாக்கு, படுக்க ஒரு மண் ஓடு, துண்டு சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று. அந்தப் பாட்டிலின் மேல் சாய்ந்து படுக்க அதுவாகவே கற்றுக்கொள்ளும்.

மூச்சு வாங்குவதெல்லாம் நெஞ்சுக் கோளாறும் அல்ல. வயிற்றில் வாயு நிறைந்து விம்மி இறுகினால் அது உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சை அமுக்கும். இதுவும் உயிருக்கு ஆபத்து, அதே வேகத்தில் கொண்டுபோக வேண்டும். மூன்று வயதுக்கு மேற்பட்டதற்கு நுரையீரல் கட்டியும் இதயக் கோளாறும் வருவதுண்டு. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இளைத்து, மருந்துக்கும் அடங்காத மூச்சு என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. வீட்டில் பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கிற அமாக்சிசிலின் சிரப்பில் இரண்டு சொட்டு விட்டுவிடலாம் என்று தோன்றும். மெடிக்கல் ஷாப்பிலும் சளிக்கு என்றால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கினிப்பன்றிக்கு அது விஷத்துக்குச் சமம். அதன் பெருங்குடலில் புல்லைச் செரிக்க வைக்கிற நல்ல பாக்டீரியாக்களைப் பென்சிலின் வகை மருந்துகள் அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெருகி நஞ்சைக் கக்கும். பேதியாகி, சில நாட்களில் உயிர் போய்விடும். பென்சிலின் புழக்கத்துக்கு வந்த புதிதில், 1943லேயே, கினிப்பன்றிகள் அதனால் சாவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்சின், எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் ஆகிய எதையும் வாய்வழி கொடுக்கக் கூடாது. என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின், டிரைமெத்தோபிரிம் கலந்த சல்ஃபா போன்றவற்றைத்தான் டாக்டர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அளவு எடையைப் பொறுத்தது, ஆகவே இங்கே எழுதவில்லை. விக்ஸ், நீலகிரித் தைலம், இருமல் சிரப், கற்பூரவல்லிச் சாறு எதுவும் வேண்டாம். மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணியின் மூக்கில் காரத் தைலம் தடவுவது, இருக்கிற வழியையும் அடைப்பதுதான். குழந்தைக்கு வாங்கிய நெபுலைசர் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், உப்புநீர் ஆவி பிடிக்கச் சொன்னால் பிடிக்கலாம். குழந்தையின் வீசிங் மருந்தை நீங்களாக அதில் ஊற்ற வேண்டாம்.

இரவில் ஆரம்பித்துவிட்டது, மருந்தகம் பூட்டியிருக்கிறது என்றால்? தூசியில்லாத அமைதியான அறையில், மங்கிய வெளிச்சத்தில் வையுங்கள். பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்க வேண்டாம், பயமே மூச்சை இன்னும் ஏற்றும். மூக்கில் காய்ந்து ஒட்டியிருப்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாக எடுத்துவிட்டாலே கொஞ்சம் இளைப்பாறும். கூட்டாளி இருந்தால் பார்வையில் படும்படி வையுங்கள். ஒருநாள் வயிறு காய்ந்தாலே அதன் குடல் நின்றுபோகும். அதனால், மூச்சு ஓரளவு சீராக இருக்குமானால், கினிப்பன்றித் தீவனக் குச்சியைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில், வாயின் ஓரமாக முன்பல்லுக்குப் பின்னால், துளித் துளியாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு துளியையும் மென்று விழுங்கும் வரை காத்திருங்கள். மல்லாக்கப் பிடிக்காதீர்கள். மூச்சு மிகவும் வாங்கினால் கொடுக்கவே வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் டாக்டர்கள் நாளெல்லாம் பார்ப்பது மாடும் ஆடும் கோழியும். கினிப்பன்றி எப்போதாவதுதான் வரும். அதனால் அவர்கள் வேலையை நீங்கள் சுலபமாக்கலாம். வீட்டில் மூச்சு விடுவதை அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் பயத்தில் அது வேறு மாதிரி மூச்சு விடும். எடை நோட்டு, என்ன சாப்பிடுகிறது, முயலோடு இருந்ததா என்ற விவரம், இவற்றையும் கொண்டுபோங்கள். மருந்துச் சீட்டு எழுதும்போது, "சார், இது கினி பிக், பென்சிலின் வகை ஆகாதாமே?" என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மேல் சிகிச்சை என்றால் மிக அருகில் இருப்பது சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் எல்லையில் தலைவாசல் கூட்டுரோட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. நாமக்கல்லிலும் புதுச்சேரியிலும் கல்லூரிகள் உண்டு. 1903இல் தொடங்கி, இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் செல்லப்பிராணிகள் தினமும் வருகின்றன. கால்நடைகளுக்கான இலவச எண் 1962ஐ அழைத்து, அருகில் எங்கே டாக்டர் இருக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

தீனியில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் உடம்பில் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. நார்வேயில் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் 1907இல் தானியம் மட்டும் போட்டு வளர்த்த கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வந்ததைக் கண்டார்கள். அந்தச் சத்து பிறகு தேடிக் கண்டுபிடிக்கப்பட்டதற்கு அது ஒரு தொடக்கம். வைட்டமின் சி குறைந்த உடம்பில் நிமோனியா எளிதாக ஏறும். ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மி.கி. வேண்டும், நோயிலும் சினையிலும் இன்னும் கூடுதலாக. தண்ணீரில் கலந்து வைக்கிற சொட்டு மருந்து சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும். கொய்யாவும் நெல்லியும் 100 கிராமுக்கு 200 மி.கி.யைத் தாண்டுபவை. தினமும் ஒரு சிறு துண்டு கொய்யா, அல்லது குடைமிளகாய்க் கீற்று, கூடவே கொத்தமல்லி. நெல்லியின் புளிப்புக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிற கினிப்பன்றிகளும் உண்டு, அவற்றைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வயிறு நிறைய எப்போதும் அருகம்புல்லும் காய்ந்த புல்லும். மக்காச்சோளத் தோகை விரும்பித் தின்னும், ஆனால் படைப்புழுவுக்கு மருந்தடித்த வயலிலிருந்து பிடுங்கி வராதீர்கள்.

டாக்டர் கொடுத்த மருந்தை, மூன்றாம் நாள் அது துள்ளி ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவது வழக்கமாக நடப்பது. சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள், பாதியில் விட்ட நிமோனியா திரும்ப வரும்போது அதே மருந்துக்குக் கேட்காமல் போகலாம். மருந்து கொடுக்கும் நாட்களில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், முடிந்த பிறகும் ஒரு வாரம் விடாமல் பாருங்கள். மூச்சு தணிந்து எடை மட்டும் ஏறாமல் நின்றால், இன்னொரு முறை கொண்டுபோய்ப் பல்லையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.